டிஃப்பில் பளிச்சென்று இருக்கும் படம் பிஎன்ஜியில் கரிப்பிடித்த சட்டி மாதிரி ஆகிறதே, ஏன்?

தேரூர்_ஏலா | வெள்ளி, இரவு 9.12

வணக்கம். எங்கள் ஊர் நூலகத்துக்கு ஒரு மலர் கொண்டுவரும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. அப்பா ஸ்டூடியோ நடத்திய காலத்துக் கருப்பு வெள்ளைப் பிரிண்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கிடந்தன. கரையான் தின்றது போக 140 தேறியது. மாத்தூர் தொட்டிப்பாலம் புதிதாக இருந்த காலம், சுசீந்திரம் மார்கழித் தேர், குளச்சல் கடற்கரையில் கரமடி வலை இழுப்பது, பத்மநாபபுரம் அரண்மனையின் உள்கூடங்கள் என்று நல்ல படங்கள். நான் 80 ஸ்கேன் செய்தேன். மீதி 60-ஐ அக்கா மகன் தன் கல்லூரி ஸ்கேனரில் செய்து பென்டிரைவில் கொண்டுவந்தான். எல்லாமே 16 பிட் (8 பிட்டைவிட மிக அதிகச் சாம்பல் படிகள் கொண்ட) டிஃப் கோப்புகள்.

படம் திருத்தும் மென்பொருளில் திறந்தால் 140-ம் நன்றாகத்தான் இருக்கின்றன. கட்டளை கொடுத்துப் படங்களை மாற்றும் இமேஜ்மேஜிக் மென்பொருளில் மொத்தமாக 8 பிட் பிஎன்ஜி ஆக்கினேன். என் 80-ல் ஒரு குறையும் இல்லை. அவனுடையவை ஏறக்குறைய எல்லாமே கருத்துப்போய்விட்டன. அரண்மனைப் படத்தில் தூண் எது, தரை எது என்றே தெரியவில்லை. ஏற்கெனவே அது கருந்தரை வேறு. கோப்பின் வகையை மாற்றியதைத் தவிர நான் எதையும் தொடவில்லை. யாராவது சொல்லுங்கள்.

நுங்கு_வண்டி | வெள்ளி, இரவு 9.20

பிரைட்னஸை 40 ஏற்றுங்கள். வேலை முடிந்தது.

வடசேரி ஸ்டூடியோ | வெள்ளி, இரவு 10.05

//பிரைட்னஸை 40 ஏற்றுங்கள்//

தம்பி, அது சரிவராது. சாதாரண பிரைட்னஸ் எல்லாப் பிக்சலுக்கும் ஒரே அளவைக் கூட்டும். கருப்பு சாம்பலாகும், வெள்ளை வேட்டி வெந்துபோகும். ஏலா சொல்வதைப் பார்த்தால் கருப்பும் வெள்ளையும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, நடுவில் இருப்பதுதான் கீழே இறங்கியிருக்கிறது. அது காமா சமாச்சாரம். 0 எப்போதும் 0, 255 எப்போதும் 255, இடைப்பட்டது மட்டும் வளையும்.

ஒன்று செய்யுங்கள். உங்கள் மருமகன் ஸ்கேன் செய்த ஏதாவது ஒரு பிரிண்டை உங்கள் ஸ்கேனரில் மறுபடி போடுங்கள். இரண்டிலும் ஒரே இடத்தின் பிக்சல் எண்ணைப் பார்த்து எழுதுங்கள். அதுவரை வேறெதையும் தொடவேண்டாம்.

தேரூர்_ஏலா | சனி, காலை 7.31

அண்ணாச்சி, தொட்டுவிட்டேன்.

இரவு தூக்கம் வரவில்லை. காமா என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் தேடிப் பிடித்து, பிஎன்ஜி ஃபோல்டர் முழுவதற்கும் காமா 2.2 என்று கட்டளை கொடுத்தேன். மருமகன் படங்கள் எழுந்து உட்கார்ந்தன. ஆனால் என் 80 படங்களும் வெள்ளாவியில் வைத்த மாதிரி வெளுத்துவிட்டன. நான் போட்டது பழைய கோப்பின் மேலேயே எழுதிவிடும் கட்டளை என்று அப்புறம்தான் தெரிந்தது. டிஃப்கள் தனியாகப் பென்டிரைவில் இருப்பதால் உயிரோடு இருக்கிறேன்.

நீங்கள் கேட்ட எண்: தொட்டிப்பாலத்தின் ஒரு தூணில், நிழல் படாத சிமென்டுப் பரப்பு. என் ஸ்கேனில் 118. அவன் ஸ்கேனிலிருந்து வந்த முதல் பிஎன்ஜியில் 47. காமா போட்ட பிறகு அவனுடையது 118 ஆனது, என்னுடையது 180 ஆனது.

மலையோரம்_82 | சனி, காலை 9.48

ஏலா அண்ணே, அந்த நான்கு எண்களிலேயே விடை இருக்கிறது. 47-ஐயும் 118-ஐயும் 255-ஆல் வகுத்து, லாகரிதம் எடுத்து, ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பாருங்கள். 2.19 வரும். சந்தேகமே இல்லை, உங்கள் மருமகன் ஸ்கேன் செய்தது காமா 1.0-ல், நேர்கோட்டு முறையில். உங்களுடையது 2.2-ல்.

கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், குலசேகரத்தில் மழை, கரண்ட் இருக்கும்வரை ஓடட்டும்.

சென்சார் விழுகிற ஒளியை அப்படியே எண்ணும். இரண்டு மடங்கு ஒளி என்றால் இரண்டு மடங்கு எண். நம் கண் அப்படி இல்லை. பத்மநாபபுரத்தின் உள்ளறையில் ஒரு மரச்சாளரத்தைத் திறந்தால் அறையே மாறிவிடும். அதே அளவு வெளிச்சத்தை வெளிமுற்றத்து வெயிலோடு சேர்த்தால் யாருக்கும் தெரியாது. 8 பிட் படத்தில் நம்மிடம் இருப்பது 256 படிகள். நேர்கோட்டில் எண்ணினால் 128 முதல் 255 வரை, அதாவது பாதிப் படிகள், மிக வெளிச்சமான ஒரே ஒரு ஸ்டாப்புக்குச் (ஒளி இரட்டிப்பாகும் ஒரு கட்டத்துக்கு) செலவாகிவிடும். நிழலுக்கு மிஞ்சுவது கைவிரல் விட்டு எண்ணும் அளவுதான். அதனால்தான் 1/2.2 அடுக்குக்கு உயர்த்திச் சேமிக்கிறோம், நிழலுக்கு நிறையப் படி கிடைக்கிறது. திரை அதை 2.2 அடுக்கால் திருப்பி நேராக்கிக் காட்டுகிறது. பழைய பிக்சர் டியூபுக்கு இது பிறவிக் குணம். கொடுக்கும் மின்னழுத்தத்துக்கும் வரும் ஒளிக்கும் உள்ள உறவு ஏறக்குறைய 2.5 அடுக்கு. கண்ணுக்குத் தேவையானதும் டியூபின் குணமும் ஒத்துப்போனது நமக்கு அடித்த அதிர்ஷ்டம். டியூப் போய்விட்டது, வளைவு தங்கிவிட்டது.

எச்பியும் மைக்ரோசாஃப்டும் 1996-ல் முன்வைத்து, 1999-ல் பன்னாட்டுத் தரமான எஸ்ஆர்ஜிபி என்ற நிறவெளி இதைத்தான் எழுதிவைத்தது. கறாராகச் சொன்னால் அது சுத்தமான 2.2 இல்லை. அடியில் சின்ன நேர்கோடு, அதற்கு மேல் 2.4 அடுக்கு, மொத்தத்தில் 2.2 போல நடந்துகொள்ளும்.

இப்போது உங்கள் கதை. கோப்பில் இருப்பது இரண்டு விஷயம்: பிக்சல் எண், அந்த எண்ணை எந்த வளைவில் படிக்கவேண்டும் என்று சொல்லும் சீட்டு. டிஃப்பில் ஸ்கேனர் மென்பொருள் ஒரு ஐசிசி ப்ரொஃபைலை வைத்திருக்கும், "இது காமா 1.0" என்று. திருத்தும் மென்பொருள் அந்தச் சீட்டைப் படித்தது, சரியாகக் காட்டியது. பிஎன்ஜி ஆக்கும்போது சீட்டு எங்கோ தொலைந்துவிட்டது. எண் மட்டும் வந்தது. சீட்டு இல்லாத படத்தை எல்லோரும் எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்வார்கள். 47 என்ற எண்ணை அப்படிப் படித்தால் கருப்புதான். நீங்கள் கொடுத்த கட்டளையில் ஸ்ட்ரிப் என்று ஏதாவது இருந்ததா?

தேரூர்_ஏலா | சனி, காலை 10.15

இருந்தது. கோப்பின் அளவு குறையும் என்று எங்கோ படித்துச் சேர்த்திருந்தேன்.

மலையோரம்_82 | சனி, காலை 10.22

அதுதான் அண்ணே. ஸ்ட்ரிப் என்பது ஐசிசி ப்ரொஃபைல், எக்சிஃப் என்ற விவரக்குறிப்பு, பிஎன்ஜியின் காமா குறிப்பு, எஸ்ஆர்ஜிபி குறிப்பு எல்லாவற்றையும் வழித்துத் துடைத்துவிடும். கடைசியில் செய்யவேண்டியதை முதலில் செய்திருக்கிறீர்கள். முதலில் எண்ணை வேண்டிய வளைவுக்கு மாற்றவேண்டும், அப்புறம் சீட்டைக் கிழிக்கலாம்.

நுங்கு_வண்டி | சனி, காலை 10.40

சரி, இப்போதுதான் மருமகன் படங்கள் 118-க்கு வந்துவிட்டதே. அந்த 60-ஐ வைத்துக்கொண்டு மற்ற 80-ஐ மட்டும் மறுபடி எடுத்தால் போதாதா? இதற்கு இவ்வளவு பெரிய பாடமா?

வடசேரி ஸ்டூடியோ | சனி, பகல் 12.10

கேள்வி நியாயம்தான். ஏலா, அந்த அரண்மனைப் படத்தின் தரையை 200 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். பட்டை பட்டையாகத் தெரிகிறதா?

தேரூர்_ஏலா | சனி, பகல் 12.34

தெரிகிறது அண்ணாச்சி. வயலில் வரப்பு போட்ட மாதிரி. டிஃப்பில் இல்லை.

வடசேரி ஸ்டூடியோ | சனி, பகல் 1.20

தெரியும். நீங்கள் 16 பிட்டை முதலில் 8 பிட் ஆக்கினீர்கள், அப்புறம் காமாவைத் தூக்கினீர்கள். நேர்கோட்டில் நிழலுக்கு இருந்தது 0, 1, 2, 3 என்ற படிகள். அவற்றை 2.2-ஆல் தூக்கினால் 0, 21, 28, 34 என்று ஆகும். 0-க்கும் 21-க்கும் நடுவே ஒன்றுமே கிடையாது. அரண்மனைத் தரையின் மொத்த அழகும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. கொட்டாங்கச்சிக் கரியும் முட்டை வெள்ளைக் கருவும் சேர்த்து மெழுகிய தரை என்பார்கள், கண்ணாடி மாதிரி மின்னும். அந்த மினுக்கத்தைப் படியில்லாத கோப்பில் எங்கே தேடுவது?

வளைவை 16 பிட்டிலேயே மாற்றுங்கள். அப்போது நிழலில் நூற்றுக்கணக்கான படி இருக்கும். மாற்றி முடிந்தபிறகு 8 பிட்டுக்கு இறக்குங்கள். இந்த வரிசையை யாரும் சொல்லித்தராததால் நான் ஒரு கல்யாண ஆல்பத்தையே இருமுறை செய்திருக்கிறேன். அந்தக் கதை வேண்டாம்.

செம்பருத்தி | சனி, மாலை 4.02

மார்த்தாண்டத்தில் டிடிபி (கணினியில் அச்சுப் பக்கம் அமைக்கும்) வேலை செய்கிறேன். இரண்டு விஷயம்.

பிஎன்ஜியில் காமா என்றே ஒரு துண்டு உண்டு என்பதால் சீட்டை வைத்துவிட்டாலே போதும் என்று சிலர் நினைப்பார்கள். 1/2.2-ஐ ஒரு லட்சத்தால் பெருக்கி 45455 என்று அதில் எழுதியிருக்கும். நேர்கோட்டுப் படம் என்றால் 100000. தரத்தின்படி இது சரிதான். ஆனால் அதை எல்லா மென்பொருளும் மதிப்பதில்லை. ஒரு படகுத் துறை அறிவிப்புப் பக்கத்துக்கு லோகோ செய்து கொடுத்தேன். பக்கத்தின் பின்னணி நிறமும் லோகோவின் பின்னணி நிறமும் ஒரே எண்தான். ஆனால் சில திரைகளில் லோகோ மட்டும் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி தெரிந்தது. படத்தில் காமா துண்டு இருந்தது, பக்கத்தின் நிறத்துக்கு அப்படி ஒன்று இல்லை. அந்தத் துண்டை எடுத்ததும் சரியாகிவிட்டது. ஆக, வெளியே கொடுக்கும் படத்தில் எண்ணே எஸ்ஆர்ஜிபியாக இருக்கட்டும். சீட்டு இருந்தாலும் தொலைந்தாலும் ஒன்றுதான்.

இரண்டாவது, மலர் அச்சுக்குப் போகிறது என்றால் பிரஸ்ஸில் எந்த வடிவம் கேட்கிறார்கள்? சாம்பல் நிறப் படத்துக்கு 2.2 என்பது திரைக்கான வளைவு. தாளில் மை பரவும். 20 விழுக்காடு பரவல் என்றால் 50 விழுக்காட்டுப் புள்ளி 70 ஆகிவிடும். கேட்டுவிட்டு வாருங்கள்.

மலையோரம்_82 | சனி, மாலை 4.30

அக்கா சொல்வது முழுக்கச் சரி. ஆப்பிளின் மேக் கணினி வைத்திருந்தவர்களுக்கு இந்தத் தலைவலி வேறு வகையில் தெரியும். அங்கே ரொம்ப காலம் 1.8-தான் வழக்கம். 2009-ல் வந்த மேக் இயங்குதளத்தின் 10.6 பதிப்பில்தான் 2.2-க்கு வந்தார்கள். அதற்கு முன் மேக்கில் திருத்திய படம் விண்டோஸில் திறந்தால் ஒரு மாற்றுக் கருப்பு கூடியிருக்கும். நாம் 118 என்று பார்ப்பதை அங்கே 99 என்று எழுதவேண்டியிருந்திருக்கும் என்று கணக்கு போட்டுக்கொள்ளலாம். உங்களிடம் பழைய சிடியில் மேக் படங்கள் இருந்தால் நினைவில் வையுங்கள்.

கரமடி | சனி, இரவு 8.55

நான் படம் எடுப்பவன் இல்லை, கடல்புறத்துக்காரன். ஏலா போட்ட குளச்சல் படத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். பெரிய படத்தில் வலையின் நூல் ஒவ்வொன்றும் வெள்ளையாகத் தெரிகிறது. இங்கே போட்ட சின்னப் படத்தில் வலையே மங்கி, கடலோடு கடலாகப் போய்விட்டது. இதுவும் அந்தக் காமாதானா, இல்லை என் போனா?

மலையோரம்_82 | சனி, இரவு 9.40

உங்கள் போன் இல்லை அண்ணே, அதுவும் காமாதான். இந்த இழையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது.

படத்தைச் சிறிதாக்குவது என்றால் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களைக் கூட்டிச் சராசரி எடுப்பது. ஒரு வெள்ளை நூல் 255, பக்கத்தில் கருங்கடல் 0. எண்களைச் சராசரி எடுத்தால் 128. ஆனால் 128 என்ற எண் காட்டும் ஒளி பாதி அல்ல, 22 விழுக்காடுகூட வராது. பாதி ஒளிக்கு உரிய எண் 188. தூரத்தில் நின்று வலையைப் பார்க்கும் கண் ஒளியைத்தான் கலக்கிறது, எண்ணை அல்ல. அதனால் வளைந்த எண்ணிலேயே சிறிதாக்கினால் மெல்லிய வெள்ளைக் கோடெல்லாம் கருக்கும். வலை, மழைத்தாரை, முப்பந்தல் காற்றாலையின் இறக்கை, இரவு வானத்து நட்சத்திரம் எல்லாம் இதில் அடிபடும். முகம், மேகம் மாதிரியான படத்தில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. அதனால்தான் பல மென்பொருள்கள் இன்னும் இப்படியே விட்டுவைத்திருக்கின்றன.

இமேஜ்மேஜிக்கில் முதலில் நேர்கோட்டு நிறவெளிக்கு மாற்றி, அளவைக் குறைத்து, மறுபடி எஸ்ஆர்ஜிபிக்குக் கொண்டுவரலாம். கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் 2.10 பதிப்பு முதல் நேர்கோட்டு ஒளியில் வேலை செய்ய வழி இருக்கிறது. ஏலா அண்ணே, உங்கள் மருமகனின் படங்கள் ஏற்கெனவே நேர்கோட்டில்தான் இருக்கின்றன. சிறிதாக்குவதாக இருந்தால் வளைவை மாற்றும் முன் அங்கேயே சிறிதாக்கிவிடுங்கள். பையன் தெரியாமல் ஒரு நல்லதும் செய்திருக்கிறான்.

கரமடி | சனி, இரவு 9.58

188. சரி. நூல் கண்ணில் படவேண்டும், அவ்வளவுதான் எனக்கு. மீன் விற்கிற இடத்தில் சொல்லிப் பார்க்கிறேன்.

தேரூர்_ஏலா | ஞாயிறு, மாலை 6.20

பென்டிரைவிலிருந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். 16 பிட்டிலேயே ப்ரொஃபைலைக் கொண்டு 2.2-க்கு மாற்றி, 8 பிட் ஆக்கி, கடைசியில் ஸ்ட்ரிப். தரையில் வரப்பு இல்லை. வலையும் தெரிகிறது. 138 படம் கைக்கு வந்துவிட்டது.

இரண்டு மட்டும் அடம் பிடிக்கின்றன. இரண்டும் மருமகனுடையவை, இரண்டும் தேர்ப் படங்கள். மற்ற 58-க்கு என்ன செய்தேனோ அதையேதான் செய்தேன். இவை மட்டும் வெளுத்துப்போகின்றன. திருத்தும் மென்பொருளில் டிஃப்பைத் திறந்தாலே வெளுப்புதான். முதலில் நான் கவனிக்கவில்லை, தேர் வெயிலில் நின்றதால் அப்படி என்று நினைத்துவிட்டேன்.

செம்பருத்தி | ஞாயிறு, மாலை 6.45

பையனைக் கேளுங்கள், அந்த இரண்டில் மட்டும் அவன் கை வைத்தானா என்று.

தேரூர்_ஏலா | ஞாயிறு, இரவு 8.10

வைத்திருக்கிறான். "மாமா, கம்ப்யூட்டரின் சாதாரண வியூவரில் பார்த்தேன், கருப்பாக இருந்தது. உங்களுக்குக் கஷ்டம் வேண்டாம் என்று இரண்டை நானே சரி செய்துவிட்டேன்" என்கிறான். காமா 1.0 ஏன் வைத்தான் என்று கேட்டதற்கு, அதுதான் கலப்படமில்லாத அசல் என்று ஒரு வீடியோவில் சொன்னார்களாம்.

செம்பருத்தி | ஞாயிறு, இரவு 8.32

அந்த வீடியோ சொன்னதில் தப்பில்லை, பாதியைச் சொல்லவில்லை.

பையன் எண்ணை 2.2-க்குத் தூக்கிவிட்டான். ஆனால் உள்ளே இருக்கும் சீட்டு இன்னும் "நான் 1.0" என்றே சொல்கிறது. சீட்டை நம்பும் மென்பொருள் ஏற்கெனவே ஏறிய எண்ணை மறுபடி ஏற்றிக் காட்டும். முதலில் 118 என்பது 180 ஆன கதைதான் இதுவும். மற்ற 58-ல் சீட்டு சரி, எண்ணை மாற்றினோம். இந்த இரண்டில் எண் சரி, சீட்டுதான் பொய். இதற்கு எண்ணை மாற்றும் கன்வர்ட் கூடாது, சீட்டை மட்டும் மாற்றும் அசைன். எண்ணைத் தொடாமல் பழைய ப்ரொஃபைலைக் கழற்றிவிட்டு 2.2 ப்ரொஃபைலை ஒட்டுங்கள்.

இமேஜ்மேஜிக்கில் ஒரு பொறி இருக்கிறது. ப்ரொஃபைல் கட்டளை ஒன்றுதான். படத்தில் ஏற்கெனவே ப்ரொஃபைல் இருந்தால் அது எண்ணை மாற்றும். இல்லாவிட்டால் சீட்டை மட்டும் ஒட்டும். அதனால் இந்த இரண்டுக்கும் முதலில் ஸ்ட்ரிப், பிறகு ப்ரொஃபைல். அந்த 58-க்கு இதே வரிசையில் செய்திருந்தால் நாசம்.

நுங்கு_வண்டி | ஞாயிறு, இரவு 8.50

பிரைட்னஸ் என்று சொன்ன வாயை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் படித்துவிட்டேன். ஒரு சந்தேகம். எண் தப்பா, சீட்டு தப்பா என்று முன்னாலேயே எப்படித் தெரிந்துகொள்வது? எல்லோரிடமும் ஒரே பிரிண்டின் இரண்டு ஸ்கேன் இருக்காதே.

வடசேரி ஸ்டூடியோ | ஞாயிறு, இரவு 9.25

கேட்டீர்களே, இது கேள்வி. நான் செய்வது இது. எந்தச் சாம்பல் அளவில் எத்தனை பிக்சல் என்று, இடது கருப்பு முதல் வலது வெள்ளை வரை மலை போல வரைந்து காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்ப்பேன். வெயிலில் எடுத்த சாதாரண வெளிப்புறப் படம், ஆனால் மலை முழுக்க இடது ஓரத்தில் குவிந்து, வலப்பக்கம் வால் மாதிரி நீண்டு கிடந்தால் எண் நேர்கோட்டில் இருக்கிறது. அரண்மனை உள்ளறை மாதிரிப் படத்தில் இந்தச் சோதனை ஏமாற்றும், அது இயல்பாகவே இடது பக்கம்தான் குவியும். அப்புறம் ப்ரொஃபைலின் பெயரைப் படிப்பேன். எண்ணும் பெயரும் ஒத்துப்போனால் கன்வர்ட். முரண்பட்டால் அசைன். ப்ரொஃபைலே இல்லையென்றால் தோல் நிறமோ சிமென்டோ ஏதாவது தெரிந்த பொருளைப் பார்த்து ஊகிக்கவேண்டியதுதான். ஒளியில் 18 விழுக்காடு திருப்பித்தரும் நடுச்சாம்பல் எஸ்ஆர்ஜிபியில் 118, நேர்கோட்டில் 46. இந்த இரண்டு எண்ணும் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதிவைத்திருக்கிறேன்.

தேரூர்_ஏலா | வியாழன், இரவு 9.05

தேர்ப் படங்கள் சரியாகிவிட்டன. நாகர்கோவில் பிரஸ்ஸில் கேட்டேன். 20 விழுக்காடு பரவலுக்கான சாம்பல் ப்ரொஃபைலில் கொடுக்கச் சொன்னார்கள். அப்படியே மாற்றிக் கொடுத்தேன். அதற்கு மேல் கொஞ்சம் வெளிச்சம் ஏற்றலாமா என்று கை அரித்தது. இரண்டையும் செய்தால் இரட்டிப்பாகும் என்று இப்போது எனக்கே தெரிகிறது, விட்டுவிட்டேன்.

இன்று புரூஃப் வந்தது. அக்காவும் வீட்டில் இருந்தாள். அரண்மனைப் படத்தைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இங்கே நிற்பது யார்?" என்றாள். வலது ஓரத்தில், வாசல் நிழலுக்குள், முக்காலிப் பையைக் கட்டிப்பிடித்தபடி ஒரு சிறுவன். அசல் பிரிண்ட் உள்ளங்கை அளவுதான், அதில் நான் கவனித்ததே இல்லை. முதல் பிஎன்ஜியில் அந்த இடம் முழுக்கக் கருப்பு. இரண்டாவதில் ஒரு பட்டை. இப்போது டவுசரின் கோடுவரை தெரிகிறது. அந்த டவுசரை அக்காவுக்கு நினைவிருக்கிறதாம், அம்மா தைத்தது. எனக்கு அங்கே போனதே நினைவில்லை.

வடசேரி ஸ்டூடியோ | வியாழன், இரவு 9.30

அந்தப் படத்துக்கு அரைப் பக்கம் கொடுத்திருக்கிறீர்களா?

தேரூர்_ஏலா | வியாழன், இரவு 9.33

கால் பக்கம், அண்ணாச்சி.

செம்பருத்தி | வியாழன், இரவு 9.41

இன்னும் பிளேட் போடவில்லை என்றால் நாளைக் காலையிலேயே போய் முழுப் பக்கம் கேளுங்கள். பெரிதாக்கும்போது 8 பிட் ஜேபெக்கைக் கொடுத்துவிடாதீர்கள், 16 பிட் டிஃப்பிலிருந்து புதிதாக எடுங்கள்.